‘என்ற அளவில்’: ஐரோப்பாவும் மென்பொருள் காப்புரிமையும் (வாசகர் கேள்வி பதில்)

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ‘ஐரோப்பாவில் மென்பொருளுக்குக் காப்புரிமை கிடையாது’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சில கடிதங்கள் வரி தவறு என்கின்றன. மற்றவை ஏன் கிடையாது என்று கேட்கின்றன. இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் பணிபுரியும் நிறுவனத்துக்கு, முழுக்க முழுக்க மென்பொருளால் ஆன ஒரு முறைக்காக, மியூனிக்கில் உள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் காப்புரிமை வழங்கியிருக்கிறது. எங்கள் சான்றிதழ் பொய்யா, உங்கள் வரி பொய்யா?
(சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்)

பதில்: உங்கள் சான்றிதழ் மெய். என் வரி பாதி மெய். மீதிப் பாதியை எழுதாமல் விட்டது என் பிழை.

1973 அக்டோபர் 5 அன்று மியூனிக்கில் கையெழுத்தான ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் கண்டுபிடிப்பாகக் கருதப்படமாட்டா என்று ஒரு பட்டியல் தருகிறது. கணித முறைகள், அழகியல் படைப்புகள், மனத்தால் செய்யும் வேலைகளுக்கும் விளையாட்டுக்கும் வணிகத்துக்குமான விதிமுறைகள் ஆகியவற்றோடு கணினி நிரல்களும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டால் நான் எழுதியது சரி. ஆனால் அடுத்த உட்பிரிவு, இந்த விலக்கு அப்பொருள்கள் ‘என்ற அளவில்’ மட்டுமே செல்லும் என்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆஸ் சச்’ என்று இரண்டு சொற்கள். தமிழிலும் இரண்டாகவே அமைந்துவிட்டது. நிரல், நிரல் என்ற அளவில் கண்டுபிடிப்பு அன்று. அப்படியானால் வேறு எந்த அளவில் அது கண்டுபிடிப்பாகும் என்ற கேள்விக்கு உடன்படிக்கையில் விடை இல்லை. விடையை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியங்கள் ஒவ்வொரு வழக்காக எழுதிக்கொண்டு வந்தன.

முதல் பெரிய வழக்கு 1986இல் விகாம் நிறுவனத்தினுடையது. ஒரு படத்தை எண்களால் ஆன கட்டமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்துப் பெருக்கிக் கூட்டி, படத்தைத் துலக்கும் முறை அது. நடப்பது கணிதம்தான், ஆயினும் அது படத்தைக் குறிக்கும் சமிக்ஞைகளின் மீது வேலை செய்கிறது, ஆகவே தொழில்நுட்பத் தன்மை உடையது என்றது வாரியம். 1998இல் ஐபிஎம் வழக்கில் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார்கள். எந்த நிரல் ஓடினாலும் கணினிக்குள் மின்சாரம் பாயத்தான் செய்யும். அந்த வழக்கமான விளைவைத் தாண்டிக் கூடுதலாக ஒரு தொழில்நுட்ப விளைவு இருக்குமானால், நிரலுக்கே காப்புரிமை கோரலாம் என்றார்கள். 2004இல் ஹிட்டாச்சி நிறுவனத்தின் இணையவழி ஏல வழக்கில், கருவி ஏதேனும் சம்பந்தப்பட்டிருந்தாலே 52ஆம் பிரிவின் தடையைக் கடந்துவிடலாம் என்று ஆயிற்று. இந்த அளவுகோலின்படி பேனாவும் காகிதமும் கொண்டு எழுதுவதுகூட உள்ளே வந்துவிடும் என்பதை வாரியமே மறைக்காமல் குறிப்பிட்டது. அந்த நேர்மையை நான் ரசிக்கிறேன். அந்த அளவுகோலை அல்ல.

இதனால் வாசலில் காவலே இல்லை என்று எண்ண வேண்டாம். காவலர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஒரே சிம் அட்டையில் இரண்டு அடையாளங்களை வைத்து அலுவலகச் செலவையும் சொந்தச் செலவையும் பிரிப்பது பற்றிய 2002ஆம் ஆண்டின் காம்விக் தீர்ப்பிலிருந்து, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத புதுமை இருக்கிறதா என்று எடைபோடும்போது தொழில்நுட்பம் சாராத அம்சங்களைத் தராசில் வைப்பதில்லை. ஹிட்டாச்சியின் விண்ணப்பமும் இந்த இடத்தில்தான் விழுந்தது. உங்கள் நிறுவனத்தின் விண்ணப்பம் இரண்டு அறைகளையும் தாண்டியிருக்கிறது.

கேள்வி: நூலின் முதல் பக்கத்தில் ‘காப்புரிமை ஆசிரியருக்கு’ என்று அச்சிடுகிறார்கள். மஞ்சளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துப் பின்னர் பறித்தார்கள் என்றும் செய்தித்தாளில் படித்தோம். இரண்டும் ஒன்றா?
(தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்)

பதில்: ஒன்றல்ல, அம்மா. தமிழில் ஒரு சொல்லை இரண்டு வேலைக்கு அனுப்பியதால் வந்த குழப்பம் இது. நூலுக்கு உள்ளதை நான் பதிப்புரிமை என்றும், பேடென்ட் என்று வழங்குவதைக் காப்புரிமை என்றும் எழுதுகிறேன்.

பதிப்புரிமை நீங்கள் எழுதியதை, எழுதிய வடிவில் காக்கிறது. எழுதிய கணமே, கேட்காமலே கிடைத்துவிடுகிறது. மென்பொருளுக்கு அது ஐரோப்பாவில் உண்டு என்பதில் சண்டையே இல்லை. 1991ஆம் ஆண்டு நெறிமுறைச் சட்டம் (உறுப்பு நாடுகள் தங்கள் சட்டங்களில் கொண்டுவர வேண்டிய ஐரோப்பிய விதி) அதை உறுதி செய்துவிட்டது. காப்புரிமை வடிவத்தைக் காப்பதில்லை, முறையைக் காக்கிறது. விண்ணப்பித்து, ஆய்வு செய்யப்பட்டு, இருபது ஆண்டு வரைக்கும் கிடைக்கிறது. என் நிரலைப் பார்க்காமல், உங்கள் சொந்தப் புத்தியால் அதே வேலையைச் செய்யும் நிரலை எழுதினால், பதிப்புரிமை உங்களை ஒன்றும் செய்யாது. அந்த முறைக்கு நான் காப்புரிமை வாங்கியிருந்தால், நீங்கள் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்பது காரணமாகாது.

இதை உணர ‘ஜிஃப்’ படக் கோப்பின் கதை போதும். காம்புசெர்வ் நிறுவனம் 1987இல் அந்த வடிவத்தை உருவாக்கியபோது, படத்தைச் சுருக்குவதற்கு லெம்பெல், ஸிவ், வெல்ச் என்ற மூவரின் பெயர்களால் அறியப்பட்ட முறையைப் பயன்படுத்தியது. அம்முறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. உலகமே ஜிஃப்பைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, 1994 டிசம்பரில், ஜிஃப்பைக் கையாளும் மென்பொருள்களுக்கு உரிமத் தொகை செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. யாரும் யாருடைய நிரலையும் திருடவில்லை. அந்தக் கோபத்தில் பிறந்ததே ‘பிஎன்ஜி’ வடிவம். அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003 ஜூனில் காலாவதியானது. ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், இத்தாலி ஆகிய நாடுகளில் மேலும் ஓராண்டு உயிரோடிருந்தது. ஐரோப்பாவில் மென்பொருள் காப்புரிமை இல்லை என்று சொல்லப்பட்ட காலத்தில்தான் இதுவும் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: ஐரோப்பிய நாடாளுமன்றம் இதை ஒரேயடியாக நிராகரித்ததாகப் படித்திருக்கிறேன். என்ன நடந்தது?
(யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சட்ட மாணவர்)

பதில்: 2002 பிப்ரவரி 20 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம், ‘கணினி வழிச் செயல்படுத்தப்படும் கண்டுபிடிப்புகள்’ குறித்த நெறிமுறைச் சட்டத்தின் வரைவை வெளியிட்டது. பொறுப்பில் இருந்தவர் ஆணையர் ஃப்ரிட்ஸ் போல்கஸ்டைன். மியூனிக் அலுவலகம் ஏற்கெனவே செய்துவருவதை எல்லா நாடுகளுக்கும் ஒரே சீராக்குகிறோம், புதிதாக எதுவும் இல்லை என்பது ஆணையத்தின் வாதம். எதிர்த்தவர்களுக்கோ அந்த ‘ஏற்கெனவே செய்துவருவது’தான் பிரச்சினை, வாரியங்கள் வளைத்து வளைத்துச் சேர்த்ததைச் சட்டமாக்கிவிட்டால் பிறகு நிமிர்த்த முடியாது என்று அஞ்சினார்கள்.

2003 செப்டம்பர் 24 அன்று நாடாளுமன்றம் வரைவை 361க்கு 157 என்ற வாக்குகளில் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஏற்றுக்கொள்ளும் முன் அதன் குடலையே மாற்றிவிட்டது. தரவுகளைக் கையாளுவது தொழில்நுட்பத் துறை ஆகாது என்றும், ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசுவதற்குத் தேவையானதைச் செய்வது மீறலாகாது என்றும் திருத்தங்கள் சேர்ந்தன. காப்புரிமையைப் பரப்ப வந்த வரைவு, அதைக் கட்டும் கயிறாகத் திரும்பியது.

உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் பேரவை 2004 மே 18 அன்று அந்தத் திருத்தங்களில் முக்கியமானவற்றைக் கழற்றிவிட்டு வேறொரு வாசகத்துக்கு உடன்பாடு கண்டது. ஸ்பெயின் எதிர்த்தது, ஆஸ்திரியா, பெல்ஜியம், இத்தாலி வாக்களிக்காமல் ஒதுங்கின. ஜூலை 1 அன்று நெதர்லாந்து நாடாளுமன்றம், தன் அமைச்சர் அளித்த ஆதரவைத் திரும்பப் பெறும்படி தீர்மானம் நிறைவேற்றியது. ஆகஸ்டில் இன்னொரு வேடிக்கை. தன் அலுவலகக் கணினிகள் சுமார் 14,000ஐ லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்றத் தீர்மானித்திருந்த மியூனிக் நகராட்சி, காப்புரிமைச் சிக்கல் வருமோ என்ற தயக்கத்தில் அந்தப் பணிக்கான ஒப்பந்த அழைப்பைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. காப்புரிமை அலுவலகமும் நகராட்சியும் ஒரே ஊர்.

மே மாத உடன்பாட்டை முறைப்படி ஏற்றுக்கொள்வது மட்டுமே மிச்சம். இத்தகைய சடங்குகளை, விவாதமின்றி நிறைவேற்றும் பட்டியலில் போட்டு, அடுத்து எந்த அமைச்சர்கள் கூடுகிறார்களோ அவர்கள் முன் வைப்பது பிரஸ்ஸல்ஸ் வழக்கம். அப்படித்தான் 2004 டிசம்பர் 21 அன்று, மென்பொருள் காப்புரிமை வேளாண்மை மற்றும் மீன்வளத் துறை அமைச்சர்களின் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அவ்வாண்டு மே மாதம்தான் ஒன்றியத்தில் சேர்ந்திருந்த போலந்து, தன் பிரதிநிதி மார்சின்ஸ்கியை நேரில் அனுப்பி, அதைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லிற்று, எடுத்தார்கள். புதிதாகத் தொடங்குங்கள் என்று நாடாளுமன்றம் கேட்டதை ஆணையம் மறுத்தது. டென்மார்க் விவாதம் கேட்டும் பயனின்றி, 2005 மார்ச் 7 அன்று பேரவை தன் வாசகத்தை நிறைவேற்றிக்கொண்டது.

பேரவையின் வாசகம் மறுபடி நாடாளுமன்றத்துக்கு வந்தது. இந்த இரண்டாம் வாசிப்பில் நாடாளுமன்றத்தின் சார்பில் பொறுப்பேற்றவர் பிரான்சின் முன்னாள் பிரதமர் மிஷேல் ரொக்கார். திருத்தவோ நிராகரிக்கவோ 732 உறுப்பினர்களில் 367 பேர் வேண்டும். 2005 ஜூலை 6 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் வாக்கெடுப்பு நடந்தபோது நிராகரிப்புக்கு ஆதரவாக 648, எதிராக 14, நடுநிலை 18. எண்களைப் பார்த்து இது ஒருமனதான வெறுப்பு என்று பலர் எழுதினார்கள். அப்படி அல்ல. காப்புரிமையைக் கட்டுப்படுத்தும் ரொக்காரின் திருத்தங்கள் நிறைவேறிவிடுமோ என்று அஞ்சிய காப்புரிமை ஆதரவாளர்களும், நிறைவேறாமல் போய்விடுமோ என்று அஞ்சிய எதிர்ப்பாளர்களும், சட்டமே வேண்டாம் என்ற ஒரே பொத்தானை வெவ்வேறு காரணங்களுக்காக அழுத்தினார்கள். இரு தரப்பும் அன்று மாலை வெற்றி கொண்டாடியதில் ஆச்சரியமில்லை.

கேள்வி: பெரிய நிறுவனம் ஒரு பக்கம், சிறியவர்கள் மறுபக்கம் என்று இதைப் பார்க்கலாமா?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பெரும்பாலும் பார்க்கலாம், முழுவதும் முடியாது. நோக்கியா, சீமென்ஸ், பிலிப்ஸ், எரிக்சன் போன்றவை சட்டத்தை ஆதரித்தன. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை உருவாக்கிய மைக்கேல் விடேனியஸ், பிஎச்பி மொழியைத் தந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் மூவரும் சேர்ந்து எதிராக வேண்டுகோள் விடுத்தனர். ஆனால் கைப்பேசியின் சமிக்ஞை முறைகளை ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து உருவாக்கிய நிறுவனம், அவ்வேலை சில்லில் பொறிக்கப்பட்டால் காப்புரிமை, நிரலாக எழுதப்பட்டால் இல்லை என்பது என்ன நியாயம் என்று கேட்டால், அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. மறுபுறம், ‘எஃப்எஃப்ஐஐ’ என்ற எதிர்ப்பு அமைப்பு, சாதாரண இணையக் கடை ஒன்றின் படத்தை வரைந்து, அதில் எங்கெங்கே ஐரோப்பியக் காப்புரிமைகள் குறுக்கிடுகின்றன என்று அம்புக்குறி போட்டுக் காட்டியது. கோப்பு இறங்கும்போது மெல்ல மெல்ல நிரம்பும் பட்டைக்குக்கூட ஐபிஎம் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றிருந்தது. அந்தப் பட்டையைத் தன் நிரலில் வைத்த எந்த இளைஞரும் மியூனிக் ஆவணங்களைத் தேடிப் பார்த்திருக்கமாட்டார். என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது.

கேள்வி: நாடாளுமன்றம் வேண்டாம் என்ற பிறகும் மியூனிக் அலுவலகம் எப்படித் தொடர்ந்து வழங்குகிறது?
(அதே யாழ்ப்பாண மாணவரின் இரண்டாம் கேள்வி)

பதில்: விவாதத்தின் முடிச்சு இங்குதான் இருக்கிறது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவலகம் அல்ல. துருக்கி, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் உட்பட 39 நாடுகள் கூடி நடத்தும் தனி அமைப்பு அது. ஸ்ட்ராஸ்பர்க்கில் விழுந்த வாக்கு அதைக் கட்டுப்படுத்தாது. 2000 நவம்பரில் உடன்படிக்கையைத் திருத்தக் கூடிய மாநாட்டில், விலக்குப் பட்டியலிலிருந்து கணினி நிரல்களை நீக்கிவிடலாம் என்ற யோசனையை நாடுகள் ஏற்கவில்லை. ஆக, வாசகத்தை மாற்ற நாடுகள் மறுத்தன, வழக்கத்தைச் சட்டமாக்க நாடாளுமன்றம் மறுத்தது. வழக்கம் மட்டும் அப்படியே நின்றது. அலுவலகம் கட்டணங்களால் வாழ்வது. வழங்கிய காப்புரிமைகளை உயிரோடு வைத்திருக்க நாடுகளில் செலுத்தப்படும் ஆண்டுத் தொகையிலும் அதற்குப் பங்கு உண்டு. இதைச் சொன்னால் அலுவலகத்தார் கோபித்துக்கொள்கிறார்கள். ஆய்வாளர்கள் மேல் நான் பழி போடவில்லை. அமைப்பு எந்தப் பக்கம் சரிகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அலுவலகத்தின் அப்போதைய தலைவர் அலிசன் பிரிம்லோ 2008இல், வாரியங்களின் தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகின்றனவே, தெளிவாக்குங்கள் என்று அவ்வாரியங்களுக்கு மேலான விரிவாக்க வாரியத்திடம் கேட்டார். 2010 மே 12 அன்று வந்த கருத்துரை, முரண் ஏதும் இல்லை, இயல்பான வளர்ச்சிதான் என்று சொல்லிக் கேள்வியைத் திருப்பி அனுப்பியது. தீர்ப்புகளின் வழியாகச் சட்டம் வளர்வது ஓர் எல்லையை முட்டினால் பிறகு சட்டமியற்றுவோர் பொறுப்பேற்க வேண்டும் என்றும் அதில் ஒரு வாக்கியம் உண்டு. ஐந்தாண்டுக்கு முன்பு சட்டமியற்றுவோர் முயன்று கைவிட்ட வேலையைத்தான் அது அவர்களிடம் திருப்பிக் கொடுத்தது.

கேள்வி: அமேசானின் ‘ஒரே சொடுக்கில் வாங்குதல்’ ஐரோப்பாவில் செல்லுபடியானதா?
(திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: இல்லை. 1999 செப்டம்பரில் அமெரிக்கா கொடுத்தது. ஐரோப்பாவில் மேல்முறையீட்டு வாரியம் 2011இல் மறுத்துவிட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, இணையத்தில் பரிசுப்பொருள் அனுப்பும் முறைக்கான காப்புரிமை 2003இல் வழங்கப்பட்டு, எதிர்ப்பு மனுக்களால் 2007 டிசம்பரில் ரத்தானது.

கேள்வி: 2023இல் தொடங்கிய ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றம் எதையாவது மாற்றுமா?
(பாரிஸிலிருந்து ஒரு தமிழ் வாசகர்)

பதில்: மாற்றும், ஆனால் சத்தமில்லாமல். முன்பெல்லாம் மியூனிக்கில் பெற்ற காப்புரிமை, வழங்கிய பின் நாடு நாடாகப் பிரிந்துவிடும். மீறல் வழக்கும் நாடு நாடாகத்தான். ஒரு மென்பொருள் காப்புரிமை ஜெர்மன் நீதிமன்றத்தில் நிற்கும், லண்டனில் விழும். 2006இல் ஏரோடெல் வழக்கின் தீர்ப்பிலேயே பிரிட்டிஷ் நீதிபதிகள் மியூனிக்கின் போக்கை ஏற்காமல் தங்களுக்கென்று நான்கு படிச் சோதனை ஒன்றை வகுத்துக்கொண்டார்கள். 2023 ஜூன் 1 முதல், சேர்ந்துள்ள நாடுகள் அனைத்துக்கும் (இப்போது 18) ஒரே தீர்ப்பு செல்லும். பிரிட்டன் 2020இல் விலகிவிட்டது, ஸ்பெயின் சேரவே இல்லை. எதிர்ப்பாளர்களின் கவலை, காப்புரிமையே தொழிலாகக் கொண்டவர்கள் கையில் கடைசிச் சொல்லும் போய்விடுகிறது என்பது. ஜெர்மன் நாடாளுமன்றம் 2013 ஜூனில் மென்பொருள் காப்புரிமையைக் கட்டுப்படுத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் எடை இந்தப் புதிய நீதிமன்றத்தில் மிகக் குறைவே. ஒரு நல்ல செய்தி உண்டு: பொருத்திப் பயன்படுத்துவதற்காக ஒரு நிரலைப் பிரித்துப் பார்க்கும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டம் தந்திருக்கிறதல்லவா, அதைக் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று இந்நீதிமன்ற ஒப்பந்தத்தின் 27ஆம் பிரிவில் எழுதிவைத்திருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் நிழல் அதில் தெரிகிறது.

கேள்வி: இந்தியாவின் நிலை என்ன?
(வேலூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இங்கும் அதே இரண்டு சொற்கள்தான். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 3(கே) பிரிவு, கணினி நிரல் ‘பெர் சே’ (தன்னளவில்) கண்டுபிடிப்பாகாது என்கிறது. 2004 டிசம்பரில், போலந்து பிரஸ்ஸல்ஸுக்கு ஆள் அனுப்பிய அதே மாதத்தில், மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, தொழிலில் பயன்படும் நிரலுக்கும் வன்பொருளோடு இணைந்த நிரலுக்கும் வழி திறந்தது. 2005 மார்ச்சில் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது அந்த வழி மூடப்பட்டுவிட்டது. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் 2016 பிப்ரவரி வழிகாட்டுநெறி புதுமையான வன்பொருளும் உடன் இருக்க வேண்டும் என்றது. 2017 ஜூனில் அந்த நிபந்தனையும் போயிற்று.

கேள்வி: நான் தனியாளாகச் செயலி எழுதி ஜெர்மனியில் விற்கிறேன். பயப்பட வேண்டுமா?
(கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: காப்புரிமை அந்தந்த நாட்டின் எல்லைக்குள் செல்லுவது; நீங்கள் ஜெர்மனியில் விற்பதால் அங்கு செல்லுபடியாகும் காப்புரிமைகள் உங்களுக்கும் பொருந்தும். மியூனிக் அலுவலகத்தின் ‘எஸ்பாஸ்நெட்’ தரவுத்தளத்தில் கட்டணமின்றித் தேடலாம். தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துக் கலங்காமல், கடைசியில் எண்ணிட்டு வரும் உரிமைக் கோரல்களை மட்டும் உங்கள் நிரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலி அங்குதான் இருக்கிறது. உங்கள் தொழிலைத் தொடும் காப்புரிமை ஏதேனும் புதிதாக வழங்கப்பட்டிருந்தால், அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். ஐரோப்பாவில் வசிப்பிடமோ தொழிலிடமோ இல்லாதவர் அங்கு அங்கீகரிக்கப்பட்ட முகவர் ஒருவர் மூலமாகத்தான் இதை நடத்த வேண்டும். மனுக் கட்டணத்தைவிட முகவரின் கட்டணம் கூடுதலாக இருக்கும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.